உருளைக்கிழங்கு பாவம், அதை விட்டுவிடுங்கள்

குழம்பில் காரம் கூடிவிட்டால் உருளைக்கிழங்கை நான்காக வெட்டிப் போடு, அது காரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று சொல்லாத ஆளை எங்கள் குடும்பத்தில் நான் கண்டதில்லை. சித்தி சொல்வார், நாத்தனார் சொல்வார், எதிர்வீட்டு மாமி சொல்வார். அடுப்படிப் பக்கம் தலைவைத்துப் படுக்காத எங்கள் அத்தான்கூடச் சொல்வார். பாவம் உருளைக்கிழங்கு! காரம் எது, புளி எது, உப்பு எது என்று பிரித்தெடுக்க அதற்கு எங்கே தெரியும்? வேகும்போது குழம்பு கொஞ்சம் அதற்குள் இறங்கும். இறங்கும் குழம்பில் என்னென்ன இருக்கிறதோ எல்லாமும் சேர்ந்துதான் இறங்கும். கிழங்கை எடுத்து வெளியே போட்டால் அது குடித்த அளவுக்குக் குழம்பு குறைந்திருக்கும். சட்டியில் மிச்சமிருப்பதன் காரம் அப்படியே நிற்கும். கிழங்கோடு பரிமாறினால் ஆளுக்கு விழும் குழம்பு ஒரு கரண்டி குறையும், அதனால் நாக்கு தப்பிக்கும். இந்த உபகாரத்தை முருங்கைக்காயும் செய்யும், முட்டையும் செய்யும்.

போன மாதம் அக்கா வீட்டு மறுவீட்டு விருந்தில் இந்த உருளைக்கிழங்கு விவாதம் மறுபடி வந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் சொந்த ஊர் விருதுநகர். மிளகாய் வற்றலும் எண்ணெயும் பருப்பும் மூட்டை மூட்டையாகக் கைமாறும் ஊர். மதுரைக்குக் குடிவந்து இத்தனை காலம் ஆகியும், வருடத்துக்குத் தேவையான குழம்புத் தூளைச் சித்திரை வெயிலில் காயவைத்து மில்லில் கொடுத்து அரைக்கும் பழக்கத்தை அக்காவும் விடவில்லை, நானும் விடவில்லை. ஒரு கிலோ வற்றலுக்கு ஒன்றரைக் கிலோ மல்லி. சீரகம், மிளகு, மஞ்சள், கொஞ்சம் துவரம்பருப்பு. வற்றலில் பாதி நீளமான சம்பா, பாதி ராமநாதபுரத்து முண்டு. முண்டு உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும். 2023-ல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது. சம்பா சுள்ளென்று பிடிக்கும், முண்டு நின்று மணக்கும். இரண்டும் சேர்ந்ததுதான் எங்கள் வீட்டுக் குழம்பின் நிறமும் ருசியும்.

இந்த வருடம் அக்கா வாங்கப் போன கடையில் சம்பா இருப்பு இல்லை. ‘இதுவும் நல்ல சரக்குதான் அம்மா’ என்று ஆந்திரத்துத் தேஜாவைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். தேஜா மெலிந்து, சின்னதாக, கறுஞ்சிவப்பாக இருக்கும். பார்வைக்குச் சாது. ஏற்றுமதிக்காரர்களும் மிளகாயிலிருந்து காரச் சத்தைப் பிரித்தெடுக்கும் தொழிற்சாலைக்காரர்களும் தேடிப்போய் வாங்கும் ரகம் அது. அதைக் கொண்டுவந்து மொட்டை மாடியில் காயவைத்து, காம்பு கிள்ளி, மில்லில் கொடுத்தால் என்ன ஆகும்? தூள் மாறிவிட்டது, டப்பாவுக்குள் கிடக்கும் கரண்டி மட்டும் அதே பழைய கரண்டி.

சம்பந்தி வீட்டார் பன்னிரண்டரை மணிக்கு வருவதாக ஏற்பாடு. பதினொன்றரைக்கு இறக்கிய ஆட்டுக்கறிக் குழம்பை அக்கா உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியை என்னிடம் நீட்டினாள். நான் ருசி பார்த்த கையோடு தண்ணீர்ச் செம்பைத் தேடினேன். காது மடல் வரைக்கும் ஏறிவிட்டது. மூன்று கிலோ கறி, பெரிய சட்டி நிறையக் குழம்பு. வருகிறவர்களிலோ மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வயிற்றுப்புண். கூடவே இரண்டு சின்னப் பிள்ளைகள்.

“நாலு கிழங்கை வெட்டிப் போடுங்களடி, சரியாகிவிடும்,” என்றார் சித்தி, கூடத்திலிருந்தே.

“கிழங்கு வேண்டாம் சித்தி. கொஞ்ச நேரம் யாரும் அதைக் கிண்டாமல் இருந்தால் போதும்,” என்றேன்.

மிளகாயின் காரத்துக்குக் காரணமான பொருளின் பெயர் கேப்சைசின். அது தண்ணீரில் கரையாது என்றே சொல்லிவிடலாம். எண்ணெயில் நன்றாகக் கரையும். கொதிக்கக் கொதிக்க அழிந்துபோகிற சாதியும் இல்லை. ‘இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும், காரம் அடங்கிவிடும்’ என்று சொல்வார்களே, அடங்குவது தூளின் பச்சை வாசனை. காரம் எங்கேயும் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குழம்பு சுண்டுவதால் இன்னும் உறைக்கவே செய்யும். ஆகவே சட்டியில் விழுந்த காரத்தைத் திரும்ப எடுக்க உண்மையில் இருக்கிற ஒரே கதவு எண்ணெய்தான். மற்றதெல்லாம் காரத்தைப் பங்கு போட்டுப் பரப்புவது, அல்லது நாக்கை வேறு ருசியால் ஏமாற்றுவது. இரண்டிலும் தப்பில்லை. ஆனால் எதைச் செய்கிறோம் என்று தெரிந்து செய்தால் குழம்பு குழம்பாகவே மிஞ்சும்.

கறிக் குழம்பு இதற்கு ரொம்பத் தோதானது. ஊற்றிய நல்லெண்ணெயோடு ஆட்டுக் கொழுப்பும் உருகி மேலே வந்து நிற்கும். அடுப்பை அணைத்து, சட்டியின் ஒரு பக்க அடியில் பழைய துண்டை நாலாக மடித்துக் கொடுத்துச் சாய்த்து வைத்தோம். கால் மணி நேரம். யாரும் கரண்டி வைக்கக் கூடாது என்று அக்கா காவலுக்கு நின்றாள். சாய்ந்த பக்கத்து ஓரத்தில் எண்ணெய் முதலில் பொட்டுப் பொட்டாக மிதந்தது, பிறகு ஒன்றோடொன்று கூடி, செக்கச்செவேலென்று விரல் தடிமனுக்கு ஏடு மாதிரி கட்டியது. குழிக்கரண்டியின் விளிம்பை மட்டும் உள்ளே அமுக்கி எண்ணெய் தானாக வழிந்து விழும்படி வைத்து, அள்ளி அள்ளிப் பெரிய டம்ளரில் ஊற்றினேன். அவசரப்பட்டுக் கரண்டியை ஆழமாக விட்டால் குழம்பும் சேர்ந்து வந்துவிடும். டம்ளர் நிறைந்தது. எண்ணெய் போன இடத்தில் குழம்பு மங்கலாக, ஒரு சுற்று நிறம் குறைந்து தெரிந்தது. ருசி பார்த்தால் முதல் அடியின் வேகம் இல்லை. ஆனாலும் சம்பந்தி அம்மாளுக்கு வைக்கிற பதம் வரவில்லை.

அடுத்து, கறித்துண்டுகளை அரித்து வேறு பாத்திரத்தில் எடுத்து வைத்தோம். இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. துண்டின் மேல்தான் மசாலா ஒட்டியிருக்கும். நடுச்சதை வரைக்கும் காரம் அதிகம் போயிருக்காது. இன்னொரு சட்டியில் நிறையச் சின்ன வெங்காயமும் தக்காளியும் வதக்கி, குழம்புத் தூளே போடாமல் வெறும் மல்லித்தூள், சோம்பு, இஞ்சிபூண்டு சேர்த்து, தேங்காயும் கசகசாவும் முந்திரியும் அரைத்த விழுதைக் கரைத்து ஊற்றினோம். கறியை அதில் இறக்கி, பழைய குழம்பிலிருந்து பாதியை மட்டும் சேர்த்தோம். உப்பு மறுபடி போட வேண்டியிருந்தது. இங்கேதான் பல வீடுகளில் கோட்டை விடுகிறார்கள்: காரத்துக்காகக் குழம்பைப் பெருக்கினால் உப்பும் புளிப்பும் கூடவே நீர்த்துப்போகும். காரத்தை மட்டும் கவனித்துவிட்டு இறக்கினால், உறைப்பும் இல்லாமல் உப்பும் இல்லாமல் வைத்தியசாலைச் சாப்பாடு ஆகிவிடும்.

மிச்சமிருந்த பாதிக் குழம்பைக் கொட்டவில்லை. அது அப்போதைக்குக் காரமான குழம்பு. மறுநாளைக்கு அரைத்து வைத்த மசாலா. டப்பாவில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபெட்டியில் வைத்துவிட்டால், முட்டைக் குழம்புக்கு இரண்டு கரண்டி, கொண்டைக்கடலைக்கு ஒரு கரண்டி என்று போய்க்கொண்டே இருக்கும்.

ருசி பார்க்கிற வேலையை இந்தக் கட்டத்தில் சித்தியிடம் கொடுத்துவிட்டோம். அக்காவின் நாக்கும் என் நாக்கும் அதற்குள் மரத்துப்போயிருந்தன. திரும்பத் திரும்ப மிளகாய் பட்டால் நாக்கின் நரம்பு கொஞ்ச நேரத்துக்குச் சொரணை கெட்டுவிடும். சமைத்தவர் ‘இப்போது சரியாக இருக்கிறது’ என்று சொல்லும் வாக்குமூலத்தை நம்பவே கூடாது. புது நாக்கு வேண்டும். அதுவும் கரண்டியில் நக்கிப் பார்க்காமல் ஒரு பிடிச் சோற்றில் பிசைந்து பார்க்க வேண்டும். குழம்பை யாரும் வெறுமனே குடிக்கப் போவதில்லையே. சித்தி சோற்றைப் பிசைந்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, “கிழங்கு போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்,” என்றார். தேறிவிட்டது என்று புரிந்துகொண்டோம்.

ஒரு தகவல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1912-ல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தியலாளர் மிளகாயின் காரத்தை அளக்க ஒரு வழி கண்டுபிடித்தார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து சிலருக்குக் குடிக்கக் கொடுப்பது. உறைக்கிறது என்றால் இன்னும் தண்ணீர் ஊற்றுவது. உறைக்கவே இல்லை என்கிற வரை ஊற்றிக்கொண்டே போவது. எத்தனை மடங்கு நீர்க்கவைக்க வேண்டியிருந்ததோ அதுதான் அந்த மிளகாயின் காரம். இன்றும் மிளகாயின் காரத்தை அவர் பெயரால்தான் குறிக்கிறார்கள். குடைமிளகாய்க்குப் பூஜ்யம், நாகாலாந்துப் பக்கத்து ராஜ மிளகாய்க்குப் பத்து லட்சம் வரை போகும். அவர் ஆய்வகத்தில் செய்ததைத்தான் நம் வீடுகளில் கொஞ்சம் வெல்லமும் ஒரு சொம்புத் தண்ணீருமாகச் செய்துகொண்டிருக்கிறோம். என்ன, நமக்கு அதைச் சோற்றில் ஊற்றவும் வேண்டியிருக்கிறது.

எல்லாக் குழம்புக்கும் தேங்காய்தான் மருந்து என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. கறிக்குழம்புக்குச் சரி, மீன் குழம்புக்குத் தேங்காய்ப்பால் சரி, குருமாவுக்கு ரொம்பச் சரி. வற்றல் குழம்பில் கொண்டுபோய்த் தேங்காயைக் கரைத்தால் அது வற்றல் குழம்பே இல்லை. மூன்று நாள் வெளியில் வைத்துச் சாப்பிட வேண்டிய பண்டம் அன்று ராத்திரியே ஊசிப்போகும். வற்றல் குழம்பு, காரக்குழம்புக்கெல்லாம் முதல் வேலை மேலே மிதக்கும் எண்ணெயை வடிப்பது. வடித்த எண்ணெய்க்குப் பதில் புதிதாக நல்லெண்ணெயைக் காயவைத்து, உரித்த பூண்டும் சின்ன வெங்காயமும் ஒரு கை நிறைய வதக்கிச் சேர்த்து, கொஞ்சம் புளிக்கரைசலும் நெல்லிக்காய் அளவு வெல்லமும் போட்டால் தன்மை மாறாமல் கட்டுக்குள் வரும். அதற்கும் மசியவில்லை என்றால் குழம்பை விட்டுவிட்டு இலையைக் கவனியுங்கள். பருப்புத் துவையலும் சுட்ட அப்பளமும் கூட வைத்தால், குழம்பு குறைவாகத்தான் செல்லும். வற்றல் குழம்பு அப்படிக் கொஞ்சமாக ஊற்றிக்கொள்ள வேண்டிய பண்டம்தானே.

சாம்பாரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பருப்பு வேகவைத்து ஊற்றுங்கள். ரசத்துக்குப் பருப்புத் தண்ணீரும் ஒரு தக்காளியும். பொரியலில் தேங்காய்த் துருவல். அல்லது வறுத்த நிலக்கடலையைப் பொடித்துத் தூவினால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. பச்சை மிளகாயைக் கீறிப் போட்ட பண்டம் என்றால் முதலில் கரண்டியால் தேடி மிளகாய்களை முழுசாக எடுத்துவிடுங்கள், அது குழைவதற்குள். மிளகாய்க்குள் விதைகளைத் தாங்கி நிற்கும் வெள்ளைத் தண்டு இருக்கிறதே, காரம் ஊறுவது அதில்தான். விதையின் மேல் அது ஒட்டிக்கொள்வதால் விதைக்குக் கெட்ட பெயர். மோர் மிளகாய்க்கோ பஜ்ஜிக்கோ காரம் குறைக்க வேண்டுமானால் விதையைத் தட்டுவதோடு நிறுத்தாமல் அந்த வெள்ளைத் தண்டையும் வழித்தெடுக்க வேண்டும். வழித்த கையைக் கண்ணில் வைத்துக்கொண்டு என்னைத் திட்டக் கூடாது. எரியும் கையில் முதலில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்புப் போடுங்கள். வெறும் தண்ணீரில் கழுவுவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

காரத்திலும் பல வகை இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. பூண்டு பச்சையாக அரைத்த சட்னி சுரீரென்கிறதா, லேசாக வதக்கினால் அடங்கிவிடும். பச்சை வெங்காயமும் அப்படித்தான். கடுகு அரைத்த பச்சடி மூக்கைத் துளைக்கும், சூடு காட்டினால் போய்விடும். மிளகாயின் காரம் மட்டும் எந்த அடுப்புக்கும் அசையாது. அதனால் சட்னி உறைக்கிறது என்றால், எதனால் உறைக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மிளகாயாக இருந்தால் பொட்டுக்கடலையோ தேங்காயோ கூட்டி அரைப்பதைத் தவிர வழியில்லை.

குழம்பைச் சரி செய்தாயிற்று. வாயை என்ன செய்வது? தண்ணீர் குடிக்கும் நேரத்துக்குக் குளுமை தரும். வாயை விட்டு இறங்கியதும் எரிச்சல் திரும்பிவிடும். பாலும் தயிரும் வேலை செய்வதற்குக் கொழுப்பு மட்டும் காரணம் இல்லை. பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் மிளகாய்ச் சத்தைப் பற்றிக்கொண்டு போகிறது. பிள்ளைகளுக்கு ஒரு சிட்டிகைச் சர்க்கரையை நாக்கில் வைத்தாலும் அழுகை நிற்கும். நம் சாப்பாடு தயிர்ச் சோற்றில் முடிவதை யார் ஏற்படுத்தி வைத்தார்களோ, கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

ஆறவைத்துப் பரிமாறுங்கள் என்பதையும் நான் சொல்லிக்கொண்டே இருப்பேன், வீட்டில் யாரும் கேட்பதில்லை. நம் நாக்கின் நரம்பு நுனியில் சூட்டை உணர்கிற உணர்வேற்பி ஒன்று உண்டு, வாங்கி என்பார்கள்; அதே வாங்கிதான் மிளகாயையும் உணர்கிறது. அதனால்தான் மிளகாய் கடித்தால் ‘சுடுகிறது’ போல எரிகிறது. அந்த வாங்கியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகாயும் சூடும் ஒரே கதவைத் தட்டுவதால் கொதிக்கக் கொதிக்க ஊற்றிய குழம்பு இரட்டிப்பாக உறைக்கும். வெதுவெதுப்பாக வைத்தால் அதே குழம்பு பாதி சாதுவாகத் தெரியும். பறவைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவற்றின் வாங்கி மிளகாயைக் கண்டுகொள்வதில்லை. கிளி மிளகாய்ப் பழத்தைக் கொத்தித் தின்பதைப் பார்த்து நாம் பொறாமைப்படலாம்.

அன்றைக்கும் குழம்பை நன்றாக ஆறவைத்த பிறகுதான் இலைக்குக் கொண்டுபோனோம். சம்பந்தி அம்மாள் முதலில் தயங்கி, அப்புறம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். பிள்ளைகளுக்குக் குழம்பே ஊற்றவில்லை. நெய்யும் பருப்பும், மேலே கழுவின மாதிரி இரண்டு கறித்துண்டு. மாப்பிள்ளை மட்டும் ‘அத்தை, குழம்பு கொஞ்சம் காரமாக இருந்திருக்கலாம்’ என்று அக்காவிடம் சொன்னதாகக் கேள்வி. அக்கா உறைபெட்டியைப் பார்த்தாளாம்.

இனிப் பெரிய வேலை பாக்கியிருந்தது. அந்தத் தூள் நாலு கிலோ டப்பாவில் உட்கார்ந்திருக்கிறதே. ஒவ்வொரு நாளும் குழம்பைக் காப்பாற்றிக்கொண்டிருக்க முடியாது. போடுகிற தூளைப் பாதியாக்கினால் காரம் சரியாகும், குழம்பு நிறமில்லாமல் வெளிறி, திக்காகவும் வராது. குழம்புத் தூளில் மல்லிதானே குழம்புக்கு உடம்பு கொடுக்கிறது. ஆகவே கர்நாடகத்துப் பேடகி மிளகாய் ஒரு கிலோவும் மல்லி மூன்று கிலோவும் வாங்கிக் காயவைத்து மில்லில் அரைத்தோம். பேடகி சுருங்கிச் சுருங்கி இருக்கும். நிறம் அள்ளிக் கொடுக்கும், காரம் கஞ்சத்தனம் செய்யும். அரைத்துச் சூடு ஆறிய பிறகு பழைய தூளோடு சேர்த்து, மொட்டை மாடியில் நியூஸ் பேப்பர் விரித்து இரண்டு முறை சலித்துக் கலந்தோம். ஒரே முறை கலந்தால் ஒரு பக்கம் உறைக்கும், ஒரு பக்கம் சப்பென்றிருக்கும். தும்மல் நிற்கவே அரை நாள் ஆயிற்று. இரண்டு வீட்டுக்கும் வருடத்துக்குத் தேவையானது தேறிவிட்டது, ஒரு ஸ்பூன் இப்போது ஒரு ஸ்பூன் வேலையைத்தான் செய்கிறது.

வடித்த சிவப்பு எண்ணெயை அத்தான் கண்ணில் படாமல் வைத்திருக்க வேண்டியிருந்தது. முறுகலாகத் தோசை ஊற்றிக்கொள்ள அவர் அதைத்தான் எடுத்தார். டம்ளர் காலியானதும், கலப்பதற்கு முன்னால் பழைய தேஜாத் தூளில் தனக்கென்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய எடுத்து ஒளித்து வைத்திருக்கும் சங்கதி வெளியே வந்தது. அக்காவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறாள்.